முந்தின நாளே கிளம்ப வேண்டிய வேலை

என் வேலை செவ்வாய்க்கிழமை இரவு தொடங்குகிறது. நான் வீட்டை விட்டுக் கிளம்புவது திங்கட்கிழமை மதியம். நடுவில் 1,600 கிலோமீட்டர். சரக்கு விமானம் ஓட்டுகிற எனக்கு, வேலைக்குப் போய்ச் சேர்வதே ஒரு விமானப் பயணம். பல வாரங்களில் இரண்டு.

பேஸ், அதாவது என் பணி தொடங்கும் விமான நிலையம், இருக்கும் ஊருக்கே குடி போய்விடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு முறை போனோம். பிள்ளைகள் பள்ளியில் நண்பர்களைப் பிடித்து முடிப்பதற்குள் எனக்கு வேறு ரக விமானம் கிடைத்தது. பேஸும் மாறியது. எந்த விமானம், எந்த பேஸ், எந்த மாதத்தில் விடுமுறை என்று எல்லாவற்றையும் சீனியாரிட்டிதான் முடிவு செய்கிறது. நான் சேர்ந்த தேதியை யாராலும் மாற்ற முடியாது. அதனால் வீடு ஓரிடத்தில் இருக்கட்டும், நான் போய்வருகிறேன் என்று தீர்மானித்துக்கொண்டோம்.

இந்த வாரம் மதிய விமானத்தில் ஜம்ப்சீட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். காக்பிட்டில் இரண்டு விமானிகளுக்கும் பின்னால் இருக்கும் மடக்கு இருக்கைதான் ஜம்ப்சீட். அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் விமானி இன்னொரு நிறுவனத்தின் விமானத்திலும் இதில் உட்கார்ந்து போகலாம். கேட்டில் அடையாள அட்டையைக் காட்டினால் கணினியில் சரிபார்த்து அனுப்புவார்கள். ஆனாலும் கடைசி வார்த்தை கேப்டனுடையது. நேராகப் போய் அவரிடம் அனுமதி கேட்பதுதான் முறை. இருபது வருட அனுபவம் இருந்தாலும் அந்தக் கதவருகே நிற்கும்போது நான் விருந்தாளிதான்.

முதல் விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. எனக்கு முன்பே ஒருவர் பெயர் கொடுத்திருந்தார், பயணி இருக்கைகளும் நிரம்பிவிட்டன. மூன்று மணி நேரம் காத்திருந்து அடுத்ததைப் பிடித்தேன். "வாங்க கேப்டன், உட்காருங்க. ஆக்சிஜன் மாஸ்க் மட்டும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க" என்றார் அந்த கேப்டன். நான் பாதி தூரம் வந்துவிட்டேன் என்ற நிம்மதி அந்தக் குரலைக் கேட்டதும் வந்துவிடும்.

முதுகு செங்குத்தாக நிற்கும் இருக்கை அது, முழங்காலை நீட்ட இடமில்லை. 10,000 அடிக்குக் கீழே பறப்புக்குத் தேவையில்லாத பேச்சே கூடாது. அந்த விதி எனக்கும் சேர்த்துத்தான். ஓட்டுவது நான் இல்லையென்றாலும் கண் தானாக வெளியே தேடும், வேறு விமானம் ஏதாவது தெரிகிறதா என்று. அதற்கு மேலே போன பிறகு பேச்சு வரும். யார் எங்கே குடியிருக்கிறார்கள், எத்தனை மணி நேரம் பயணம் செய்து வேலைக்கு வருகிறார்கள் என்றுதான் அது பெரும்பாலும் தொடங்கும். அன்று அந்தத் துணை விமானியும் என்னைப் போல வெளியூர்தான்.

அதிலிருந்து இறங்கி ஏறிய இரண்டாவது விமானம் எங்களுடைய சரக்கு விமானம். காக்பிட்டுக்குப் பின்னால் சில இருக்கைகள், ஒரு கழிப்பறை. அதற்கப்பால் ஒரு தடுப்புச் சுவர், அதன் பின்னால் ஜன்னலே இல்லாத நீளமான இருட்டில் கண்டெய்னர்கள். அன்று ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சுகளும் வந்தன. எஞ்சின் சத்தத்தையும் மீறி வழி முழுக்கக் கீச்சுக்குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அது பிடிக்கும். பெட்டிகளுக்கு நடுவே உயிருள்ள ஒன்று நம்மோடு வருகிறது என்ற நினைப்பு பிடிக்கும்.

நள்ளிரவு நெருங்கும்போது ஹப், அதாவது சரக்கையெல்லாம் பிரித்து அனுப்பும் மைய விமான நிலையம், மேலே வந்தால், ஊரே தூங்கும் நேரத்தில் அந்த ஓடுபாதைகள் மட்டும் விழித்திருக்கும். மெம்பிஸ், லூயிவில், ஜெர்மனியின் லைப்சிக் என்று எந்த பெரிய ஹப்பை எடுத்தாலும் இரவில்தான் அதற்கு உயிர். விளக்குகள் சரம்போல ஒன்றன்பின் ஒன்றாக வானத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் இறக்கி, பிரித்து, மறுபடி ஏற்றி, விடிவதற்கு முன் திசைக்கொன்றாக அனுப்பிவிடுவார்கள். உடம்பு எப்போது மிகவும் தளர்ந்து கிடக்கும் என்றால், விடியற்காலை 2 மணியிலிருந்து 6 மணி வரை. எங்கள் வேலையின் நடுப்பகல் அதுதான்.

ஒரே விமானம், ஒரே இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி என்னை ஒரு ஊருக்கு அனுப்பினால் அது டெட்ஹெட். அந்த நேரம் ட்யூட்டியில் சேரும், ஓய்வு நேரக் கணக்கும் அதற்குப் பிறகே தொடங்கும். அதே இருக்கையில் நான் வீட்டிலிருந்து பேஸுக்கு வந்தால் அது என் சொந்த விஷயம், எந்தக் கணக்கிலும் வராது. உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொன்னது.

2009 பிப்ரவரி 12 இரவு அமெரிக்காவின் பஃபலோ நகரம் அருகே கோல்கன் ஏர் 3407 என்ற பயணி விமானம் விழுந்தது. 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானி முந்தின இரவு முழுக்க சியாட்டிலிலிருந்து மெம்பிஸ் வழியாக, சரக்கு விமானங்களில் ஏறி நியூவார்க் பேஸுக்கு வந்தவர். வேகம் குறைந்து இறக்கைகள் தூக்கும் சக்தியை இழக்கப்போகின்றன என்ற ஸ்டால் எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதுதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. களைப்பும் இரண்டு விமானிகளையும் பாதித்திருக்க வாய்ப்பு அதிகம், எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியவில்லை என்றும் சொன்னது. அதற்குப் பிறகு பணிநேர விதிகளைப் புதிதாக எழுதினார்கள். அவை 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தபோது சரக்கு விமானங்களுக்குக் கட்டாயமாக்கப்படவில்லை. இரவு முழுக்கப் பறப்பவர்களை வெளியே நிறுத்தியது தவறு என்று இன்றும் நினைக்கிறேன். பின்னால் பயணிகள் இல்லாவிட்டாலும் நாங்கள் இறங்குவது அதே ஊர்களின் மேல்தான்.

நான் முந்தின நாளே கிளம்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் அதே நாளில் கிளம்பி, அதே இரவு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு விமானங்கள் கைவிட்டுப் போய், மூன்றாவதில் வந்து இறங்கி, கொஞ்ச நேரத்தில் காக்பிட்டில் உட்கார்ந்தேன். விடியற்காலை 4 மணிக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து 20 மணி நேரம் ஆகியிருந்தது. கட்டுப்பாட்டு அறை 11,000 அடி என்றது. துணை விமானி அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். என் கை உயரக் குமிழை 10,000 என்று திருகி வைத்தது. "கேப்டன், பதினோராயிரம்தான் சொன்னாங்க" என்றார் மெதுவாக. உடனே திருத்தினேன், எதுவும் ஆகவில்லை. ஆனால் அவர் சொல்லும்வரை என் விரல் தவறு செய்தது எனக்குத் தெரியவே இல்லை. அதைத்தான் மறக்க முடியவில்லை.

அப்போதிருந்து பேஸ் பக்கத்தில் ஒரு க்ராஷ்பேடில் எனக்கு ஒரு கட்டில் உண்டு. ஆறு விமானிகள் சேர்ந்து எடுத்த வீடு. ஜன்னல்களில் வெளிச்சம் புகாத கறுப்புத் திரை, பகலிலும் கிசுகிசுப்பாக மட்டும் பேச்சு. திங்கட்கிழமை இரவு ஒரு மணிக்கு அங்கே போய்ப் படுத்தேன். செவ்வாய் காலை எழுந்து கொஞ்சம் நடந்தேன், மதியம் மறுபடி மூன்று மணி நேரம் தூக்கம். வீட்டுக்குத் தர வேண்டிய ஒரு நாள் ஒவ்வொரு முறையும் இப்படிப் போகிறது. அது வலிக்காமல் இல்லை. சின்னவளின் பிறந்தநாளில் இந்தக் கட்டிலில் கிடந்திருக்கிறேன்.

நான்கு இரவுகள் பறந்து முடித்து, சனிக்கிழமை விடியலில் மறுபடி ஒரு கதவருகே நின்று அனுமதி கேட்டேன். மேற்கே போகும் விமானம், சூரியன் முதுகுக்குப் பின்னால். பத்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டேன் போல. சக்கரம் தரையைத் தொட்டபோதுதான் விழிப்பு வந்தது. வீட்டில் எல்லோரும் இன்னும் எழுந்திருக்கவில்லை. சமையலறையில் நின்றபடியே அடுத்த திங்கட்கிழமை மதிய விமானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, ஷூவைக் கழற்றினேன்.