கான்சாயிலிருந்து ஹிரோஷிமா வரை: எந்த ரயில் பாஸ் எடுத்தோம், ஏன்

ஜப்பான் போகிறோம் என்றதும், ஏற்கெனவே போய்வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கண்ணை மூடிக்கிட்டு ஜே.ஆர். பாஸ் எடுத்துடுங்க." அவர்கள் போன காலத்தில் அது சரியான யோசனை. ஜே.ஆர். என்றால் ஜப்பான் ரயில்வேஸ். அதன் ரயில்களில் நாடு முழுவதும் செல்லும் அந்த ஏழு நாள் பாஸ் அப்போது 29,650 யென். 2023 அக்டோபரில் அதை ஒரேயடியாக 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா போய்த் திரும்பத் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால்கூட 40,000 யென்னைத் தொடாது என்னும்போது, அந்தப் பாஸ் யாருக்குக் கட்டுப்படியாகும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். நாங்களோ டோக்கியோ பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. 2024 நவம்பரில் ஒசாகா பக்கத்துக் கான்சாய் விமான நிலையத்தில் இறங்கி, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா, ஒசாகா பார்த்துவிட்டு அதே விமான நிலையத்தில் ஏறி ஊர் திரும்பினோம். நான், மனைவி, அம்மா, ஏழு வயது மகள்.

நாடு தழுவிய பாஸ் வேண்டாம் என்று முடிவானதும் அடுத்த காடு தொடங்கியது. வட்டாரப் பாஸ்கள். 1987-இல் ஜப்பானின் தேசிய ரயில்வேயை உடைத்து, பயணிகள் ரயிலுக்கு ஆறு கம்பெனிகளும் சரக்குக்கு ஒன்றும் ஆக்கினார்கள். பெயரில் எல்லாமே ஜே.ஆர்.தான், ஆனால் கல்லா தனித்தனி. ஒரு கம்பெனியின் பாஸ் இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் பெரும்பாலும் செல்லாது. நாங்கள் சுற்றப்போன பகுதி முழுக்க ஜே.ஆர். வெஸ்ட் ஆட்சி. அவர்களிடம் மட்டுமே ஒரு டஜன் பாஸ் இருக்கும்போல. எங்களுக்குப் பொருந்தக்கூடியவை என்று மூன்றைப் பிரித்தெடுத்தேன்.

முதலாவது கான்சாய் ஏரியா பாஸ். ஒரு நாளுக்கு 2,800 யென்னில் தொடங்கி நான்கு நாளுக்கு 7,000 யென் வரை. ஒசாகா, கியோட்டோ, நாரா, கோபே, ஹிமெஜி எல்லாம் அடங்கும், ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் கிடையாது. இரண்டாவது கான்சாய் வைட் ஏரியா பாஸ். ஐந்து நாள், 12,000 யென். ஒசாகாவின் புல்லட் ரயில் நிலையமான ஷின் ஒசாகாவிலிருந்து ஒகயாமா வரை ஷின்கான்சென் உண்டு, வடக்கே கினோசாகி வெந்நீர் ஊற்று ஊர், தெற்கே ஷிராஹாமா கடற்கரை வரை போகலாம். மூன்றாவது கான்சாய்-ஹிரோஷிமா ஏரியா பாஸ். இதுவும் ஐந்து நாள், 17,000 யென், ஷின்கான்செனில் ஹிரோஷிமா வரை. அப்போது ஒரு யென் ஏறக்குறைய 55 பைசா என்பதால் 9,300 ரூபாய் சொச்சம். ஆறு முதல் பதினொரு வயதுவரை பாதிக் கட்டணம் என்பதால் மகளுக்கு 8,500 யென். மூத்த குடிமக்கள் சலுகை என்று ஏதாவது இருக்குமா என்று தேடினேன். அம்மாவுக்கும் முழுக் காசுதான்.

12,000 யென் பாஸ்தான் முதலில் ஆசை காட்டியது. ஒகயாமா வரை பாஸில் போய், மிச்சத்துக்கு டிக்கெட் எடுத்தால் என்ன? ஒகயாமாவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு ஷின்கான்செனில் ஒரு வழிக்கு மட்டும் 6,000 யென் அளவுக்கு ஆகிறது. போகவர அதைக் கூட்டினால் 17,000-ஐத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. மாறாக, ஷின் ஒசாகா - ஹிரோஷிமா தனி டிக்கெட் ஒரு வழிக்கு 10,000 யென்னுக்குச் சற்று மேல். போய்வந்தாலே 20,000 தாண்டிவிடும். ஆக, ஹிரோஷிமா போவது நிச்சயம் என்றால் 17,000 யென் பாஸ் அந்த ஒரு பயணத்திலேயே போட்ட காசை எடுத்துவிடுகிறது. மீதி எல்லாம் இனாம்.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு பாஸை வாங்கியிருக்கலாம். ஆனால் எதை வாங்குவது என்பதைவிட எந்த நாளில் தொடங்குவது என்பதில்தான் லாப நஷ்டமே இருக்கிறது. இந்தப் பாஸ்கள் 24 மணி நேரக் கணக்கில் ஓடுவதில்லை, காலண்டர் தேதிக் கணக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு விமானம் இறங்கி அன்றே தொடங்கினால், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முழு நாளைக் கொடுத்துவிடுகிறோம். ஐந்து நாளும் அடுத்தடுத்து வரவேண்டும். இடையில் ஒரு நாள் விட்டுப் பிடிக்க முடியாது.

அதனால் எக்செல்லில் ஒவ்வொரு பயணத்தையும் ஒரு வரியாகப் போட்டு, பக்கத்தில் "ஜே.ஆரா, இல்லையா" என்று ஒரு பத்தி வைத்தேன். கியோட்டோ வரிகளில் முக்கால்வாசி "இல்லை" என்று வந்தது. அந்த ஊருக்குள் பஸ்ஸும் சுரங்க ரயிலும் தனியார் ரயில்களும்தான் கைகொடுக்கும். ஃபுஷிமி இனாரி கோயில் வாசலில் ஜே.ஆர். ஸ்டேஷன் இருக்கிறது, அரஷியாமாவுக்கும் ஜே.ஆர். போகிறது. ஆனால் அவை சில நூறு யென் டிக்கெட்டுகள். நாராவுக்கு ஜே.ஆர். உண்டு என்றாலும், மான்கள் திரியும் பூங்காவுக்குப் பக்கம் கிண்டெட்சு என்ற தனியார் ரயிலின் ஸ்டேஷன்தான். முழங்கால் வலியுள்ள அம்மாவை, பாஸ் இருக்கிறதே என்பதற்காகக் கூடுதல் தூரம் நடக்கவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. எனவே கியோட்டோ, நாரா நாட்களைப் பயணத்தின் முன்பகுதியில் வைத்து, அவற்றுக்கு இகோகா என்ற ப்ரீபெய்டு கார்டில் காசு போட்டுத் தட்டிக்கொண்டு போனோம். கியோட்டோவைவிட்டுக் கிளம்பும் காலையில் பாஸைத் தொடங்கி, ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்துக்குப் போகும் ஹருகா எக்ஸ்பிரஸ் ஐந்தாம் நாளில் விழும்படி அமைத்தேன். அந்த ஹருகாவுக்கும் பாஸ் போதும்.

வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கிறது. கியோட்டோவில் ஹிரோஷிமா போகும் நொசோமி என்ற ஷின்கான்சென் ரயில் நிற்கும், அதே ரயில்தான் ஷின் ஒசாகா வழியாகப் போகிறது. ஆனால் டோக்கியோ முதல் ஷின் ஒசாகா வரையிலான தடம் ஜே.ஆர். சென்ட்ரலுடையது, அங்கிருந்து மேற்கேதான் வெஸ்ட். பாஸ் வைத்திருப்பவர் கியோட்டோவில் அந்த ரயிலில் ஏறக்கூடாது. சாதாரணத் தடத்தில் ஓடும் ஷின்காய்சோக்கு என்ற விரைவு ரயிலில் ஷின் ஒசாகா வந்து அங்கே மாற வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இதற்குப் பாஸ் செல்லும். வேடிக்கை என்னவென்றால், 50,000 யென் கொடுத்து நாடு தழுவிய பாஸ் எடுத்தவர்கள் நொசோமியில் ஏறத் தனியாகக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். 17,000 யென் பாஸில் ஷின் ஒசாகாவுக்கு மேற்கே நொசோமியிலும் அதைப் போன்ற மிசுஹோ ரயிலிலும் சும்மாவே போகலாம்.

மனைவியின் தம்பி கோபேயில் வேலை பார்க்கிறான். ஹிரோஷிமாவுக்கு அவனும் வருவதாகச் சொன்னதும், "உனக்கும் சேர்த்து எடுத்துடறேன்டா" என்றேன். "எனக்கெல்லாம் தரமாட்டாங்க மாமா. பாஸ்போர்ட்ல டெம்பரரி விசிட்டர்னு ஒட்டியிருக்கணும்" என்றான். வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பாஸ் கிடையாது. அவன் பாவம், முழு டிக்கெட்.

ஜே.ஆர். வெஸ்ட் தளத்திலேயே முன்கூட்டிப் பணம் கட்டிவிட்டேன். வாங்குவது கியோட்டோ ஸ்டேஷனில். பாஸ்போர்ட்டைப் படிக்கும் டிக்கெட் மெஷின் இருக்கிறது, ஆங்கிலத்திலும் பேசும். இருந்தாலும் நான் கவுண்டரில் நின்றேன். ஷின்கான்செனுக்கு நான்கு இருக்கையும் அருகருகே வேண்டும் என்பது ஒரு காரணம். வரிசை நீளம்தான். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் பயணத்தைப் பார்த்துவிட்டு, நொசோமி வேண்டாம், சகுரா என்ற இன்னொரு ஷின்கான்செனில் போங்கள் என்று படத்தைக் காட்டினார். சகுராவின் ரிசர்வ்டு பெட்டிகளில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று அகலமான இருக்கைகள். நொசோமியில் மூன்றும் இரண்டும். நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அம்மா காலை நீட்டி உட்கார்ந்ததைப் பார்த்தபோது அந்தப் பெண்ணுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பாஸ் டிக்கெட் அளவுக் காகிதம்தான். கேட்டில் நுழைத்தால் மறுபக்கம் வெளியே வரும், மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். தொலைத்தால் மறுபடி தரமாட்டார்கள். எங்கள் வீட்டில் நான்கையும் மனைவிதான் வைத்திருந்தாள், காரணம் கேட்காதீர்கள்.

பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஷின்கான்சென் தடத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்குத் தனியிடத்தோடு கூடிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏற்றினால் 1,000 யென் கட்டணம். நாம் ஊறுகாயும் பொடியும் அடைத்துக்கொண்டு போகும் பெரிய பெட்டிகள் அந்த எல்லையில்தான் நிற்கும். கியோட்டோ ஓட்டலிலிருந்தே ஒசாகா ஓட்டலுக்குப் பெரிய பெட்டிகளை டக்யுபின் என்ற பார்சல் சேவையில் அனுப்பிவிட்டு, தோள்பைகளோடு ஹிரோஷிமா போனோம். வழியில் ஹிமெஜியில் இறங்கிக் கோட்டை பார்க்க முடிந்தது அதனால்தான்.

ஹிரோஷிமாவில் பாஸுக்கு எதிர்பாராத மதிப்பு கிடைத்தது. ஊரைச் சுற்றிவரும் மெய்ப்புரு-பூ பஸ் அமைதிப் பூங்கா வழியாகப் போகிறது, அதற்கும் பாஸ் காட்டினால் போதும். டிராமுக்கு மட்டும் காசு. மியாஜிமாவுக்கு ஜே.ஆர். ரயில், பிறகு ஜே.ஆர். படகு, இரண்டும் பாஸில் அடக்கம். ஆனால் 2023 அக்டோபரிலிருந்து தீவுக்குள் நுழைய ஆளுக்கு 100 யென் வரி போட்டிருக்கிறார்கள். அதைப் பாஸ்காரர்களும் தனியாகக் கட்ட வேண்டும். படகுத்துறையில் கம்பெனிகள் இரண்டு, ஜே.ஆர். எழுத்தைப் பார்த்து நில்லுங்கள்.

திரும்பும் வழியில் ஒகயாமாவில் இறங்கி, மரின் லைனர் ரயிலில் செட்டோ பெரும்பாலத்தைக் கடந்து தகமட்சு வரை ஒரு நடை. 1988-இல் திறந்த பாலம். கீழே கடலும் தீவுகளும், மகள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. திட்டத்தில் இல்லாத பயணம் அது. பாஸ் தகமட்சு வரை செல்லும் என்பதால் போனோம். அந்த ஊர் உடோன் நூடுல்ஸுக்குப் பேர்போனது, ஆனால் சாறு மீனில் செய்வது. அம்மா உமெபோஷி என்ற புளிப்பு ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டையும் நாங்கள் கொண்டுபோன புளிக்காய்ச்சலுமாக ஒப்பேற்றினார்.

கியோட்டோ, நாரா, ஒசாகா மட்டும் போதும் என்றால், என்னைக் கேட்டால் எந்தப் பாஸும் வேண்டாம், இகோகாவே போதும். கினோசாகியும் ஒகயாமாவும் பட்டியலில் இருந்தால் 12,000 யென் வைட் பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹிரோஷிமாவையும் தாண்டி ஃபுகுவோகாவின் ஹக்காத்தா வரை போகிறவர்களுக்கு ஏழு நாள் சான்யோ-சானின் பாஸ், நாங்கள் போனபோது 23,000 யென். விலைகள் எல்லாம் 2024-இல் நான் பார்த்தவை. கிளம்பும் முன் ஜே.ஆர். வெஸ்ட் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.