மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசாதீர்கள்

போர் ஓய்ந்த நாடுகளுக்கு அனுப்பப்படவிருக்கும் ராணுவ அதிகாரிகளையும் குடிமை அதிகாரிகளையும் சேர்த்து உட்காரவைத்து நடத்தும் ஒத்திகைப் பயிற்சி ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் நானும் மாணவனாகக் கலந்துகொண்டேன். முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை எளிதாகவே தோன்றியது. கற்பனைக் கிராமம் ஒன்றின் பெரியவராக நடிப்பவரைச் சந்தித்து, இடிந்த பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டுவது பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். ஐந்தாவது நிமிடத்திலேயே பயிற்றுநர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். "அவர் முகத்தை நீங்கள் இன்னும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, மொழிபெயர்ப்பாளரிடமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். அத்தனை பேர் முன்னிலையில் காது சிவந்துபோனது.

மறுபடியும் தொடங்கினோம். என் பக்கத்திலிருந்த ராணுவ மேஜர், ஆறு வாரத்தில் கட்டிடத்தை முடித்துச் சாவியைக் கொடுத்துவிடலாம் என்றார். கல்வித் துறையிலிருந்து வந்திருந்த பெண்மணி, ஆசிரியர்களுக்கு ஏழாவது வாரம் முதல் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டார். இருவரும் அதைப் பற்றிச் சூடாகவே வாதிட்டார்கள். பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த இடம் சண்டையில் ஊரைவிட்டு ஓடிய ஒரு குடும்பத்தின் சொத்து என்றும், அவர்கள் அடுத்த மாதம் திரும்பி வருகிறார்கள் என்றும் சொன்னார். நிலம் யாருடையது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீடு திரும்பும் அகதிகளுக்கும் அதற்குள் குடியேறிவிட்டவர்களுக்கும் இடையிலான நிலத் தகராறுதான், போர் ஓய்ந்த இடங்களில் மீண்டும் கத்தி தூக்க வைக்கும் காரணங்களில் முக்கியமானது என்பதை அன்று மதிய வகுப்பில் விளக்கினார்கள். காலையிலேயே பட்டுத் தெரிந்துகொண்டிருந்ததால் அந்த வகுப்பில் யாரும் தூங்கவில்லை.

இந்தப் பயிற்சிக்குத் தேவையானவற்றில் நாடுகள் மிக அலட்சியமாகச் செலவிடுவது காலத்தைத்தான் என்பது என் எண்ணம். அமெரிக்க ராணுவம் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கைப்பற்றும் பகுதிகளை ஆளக் கற்றுத்தரும் ராணுவ நிர்வாகப் பள்ளியைத் திறந்தது 1942 மே மாதத்தில்; ஜெர்மனி சரணடைந்தது 1945 மே மாதத்தில். கைப்பற்றப்படாத நாட்டை ஆளுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஆட்களைத் தயார்செய்யத் தொடங்கியிருந்தார்கள். அப்போதும், மக்களை ஆளும் வேலையைச் சீருடைக்காரர்களிடம் விடலாமா என்ற கேள்வி எழாமல் இல்லை. அது குடிமை அதிகாரிகளின் வேலை என்றே அதிபர் ரூஸ்வெல்ட் கருதினார். அதே அமெரிக்கா, ஈராக்கின் மறுகட்டமைப்புக்கான அலுவலகத்தை ஓய்வுபெற்ற ஜெனரல் ஜே கார்னரின் தலைமையில் அமைத்தது 2003 ஜனவரியில். மார்ச்சில் போர் தொடங்கிவிட்டது. அவருக்கு அடுத்துப் பொறுப்பேற்ற பால் பிரெமர், அந்த மே மாதத்திலேயே சதாம் உசேனின் பாத் கட்சியினரைப் பதவிகளிலிருந்து நீக்கும் ஆணையையும் ஈராக் ராணுவத்தைக் கலைக்கும் ஆணையையும் பிறப்பித்தார். சம்பளம் இழந்து, ஆயுதப் பழக்கத்தை இழக்காத லட்சக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். இப்படிப்பட்ட முடிவின் விளைவை ஓர் ஒத்திகை மேசையில் முன்கூட்டியே விளையாடிப் பார்த்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு பாடம் படிக்காமல் இல்லை. சண்டையிடுவதற்கு இணையான முக்கியத்துவம், சண்டைக்குப் பின் நாட்டை நிலைப்படுத்தும் பணிக்கும் தரப்பட வேண்டும் என்று 2005 நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆணையிட்டது. ஆப்கானிஸ்தானுக்குச் செல்லவிருந்த குடிமை அதிகாரிகள் இந்தியானா மாநிலத்தின் மஸ்கடாடக் பயிற்சி மையத்தில், ராணுவத்தினரோடு சேர்ந்து, ஆப்கானிய வம்சாவளியினர் ஆளுநராகவும் ஊர்ப் பெரியவராகவும் நடிக்க, பேசிப் பழகினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படித் தயாரானவர்களில் பலர் ஓராண்டு ஆனதும், சிலர் அதற்கும் முன்னதாகவே, ஊர் திரும்பிவிட்டார்கள். யார் யாருக்குப் பகை, எந்த ஒப்பந்ததாரர் யாருடைய மைத்துனர் என்று அவர்கள் தெரிந்துவைத்திருந்ததெல்லாம் அவர்களுடனேயே விமானம் ஏறிவிட்டது. ஆப்கன் மறுகட்டமைப்பைக் கண்காணித்த அமெரிக்கத் தலைமை ஆய்வாளரின் 2021 அறிக்கை, இருபது ஆண்டு முயற்சி ஒன்றைச் செய்வதற்குப் பதிலாக, ஓராண்டு முயற்சியை இருபது முறை செய்ததாகவே இதைக் குறிப்பிடுகிறது. அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் இரண்டு வாரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதை, பெரும்பாலான பாடத்திட்டங்கள் கடைசி நாள் மாலையில், எல்லோரும் பெட்டி கட்டும் நேரத்தில்தான் தொடுகின்றன.

எங்கள் ஒத்திகையிலும் அப்படித்தான் நடந்தது. கடைசி நாள் மாலை, எனக்குப் பின் வருபவராக நடித்த ஒரு கேப்டனிடம் என் குறிப்பேட்டைக் கொடுத்தேன். அதில் கட்டிடத்தின் அளவுகளும் சிமெண்டுக் கணக்கும் சுத்தமாக எழுதப்பட்டிருந்தன. அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "பெரியவரின் பெயர் என்ன?" என்று கேட்டார். பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கும் எழுதியிருக்கவில்லை.