48 சதவீதத்தில் திறந்துகொண்ட புட்டி

மார்ச் மாதம் நூற்றுக்கு 76 மதிப்பெண் போட்டு அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்ட ஒரு விஸ்கிப் புட்டிக்கு, போன சனிக்கிழமை இரவு குறிப்பேட்டில் பழைய எண்ணை அடித்துவிட்டு 87 என்று எழுத வேண்டியதாயிற்று. பதினொரு புள்ளி என்பது என் கணக்கில் சிறிய வித்தியாசம் அன்று. 80க்குக் கீழே நிற்பவற்றை நான் மறுபடி வாங்குவதில்லை. 85க்கு மேலே நிற்பவற்றை வீட்டுக்கு வருபவர்களுக்கு அவ்வளவு எளிதில் ஊற்றுவதும் இல்லை. புட்டி அதேதான், மூக்கும் அதேதான். அதில் எவ்வளவு நீர் விட்டேன், விட்டபின் எவ்வளவு நேரம் பொறுத்தேன் என்பதில்தான் மாற்றம். அந்த ஒரு படியைப் பிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

எடின்பரோவில் வாங்கிய ஒற்றைப் பீப்பாய் விஸ்கி அது. 12 ஆண்டு, மறுபடி நிரப்பிய ஷெர்ரி (ஸ்பானிய ஒயின்) ஹாக்ஸ்ஹெட் பீப்பாய், 58.4 சதவீத ஆல்கஹால், நிறம் சேர்க்கவில்லை, குளிரவைத்து வடிகட்டும் குளிர்வடிகட்டல் இல்லை என்று சீட்டில் எல்லாம் ஒழுங்காக அச்சிட்டிருந்த, பிறர் வடித்ததை வாங்கிப் புட்டியில் அடைக்கும் சுயேச்சை நிறுவனம், வடிசாலையின் பெயரை மட்டும் விட்டுவிட்டு ‘ஸ்பேசைட் சிங்கிள் மால்ட்’, அதாவது ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியில் ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்தது, என்று நிறுத்திக்கொண்டிருந்தது. இதில் புதுமை எதுவும் இல்லை. தங்கள் பெயரைப் பிறர் புட்டியில் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு பீப்பாயை விற்கும் வடிசாலைகள் பல உண்டு. இன்னும் கறாரானவை ஒரு படி மேலே போய், வேறொரு வடிசாலையின் மால்ட்டைப் பெயருக்குக் கொஞ்சம் கலந்தே விற்கும். பால்வெனி வடிசாலையின் மால்ட்டில் சிறிது கிளென்ஃபிடிக் சேர்ந்தால் அதன் பெயர் பர்ன்சைட். லஃப்ரோய்க் அவ்வாறு கலந்து வெளியே போகும்போது அதன் பெயர் வில்லியம்சன். அப்படிக் கலந்ததைச் சட்டப்படி சிங்கிள் மால்ட் என்று சொல்ல முடியாது. என் புட்டியில் சிங்கிள் மால்ட் என்றே இருப்பதால் கலப்பு இல்லை, பெயரைத்தான் மறைத்திருக்கிறார்கள் என்பது வரை ஊகிக்க முடிந்தது.

திறந்த அன்று கோப்பையிலிருந்து எழுந்தது கந்தகம். பாதி எரிந்து நனைந்துபோன கம்பி மத்தாப்பை மறுநாள் காலை முற்றத்தில் குனிந்து எடுக்கும்போது வருமே, அந்த வாடை; அதன் அடியில் இறைச்சிச் சாறு போன்ற கனம். பிரிட்டனில் எழுதப்படும் சுவைக் குறிப்புகளில் ‘உரசிய தீக்குச்சி’ என்று இதை நாகரிகமாகச் சொல்லிவிடுவார்கள். என் குறிப்பேடு தமிழில் இருப்பதால் மத்தாப்பு என்றே எழுதினேன். அவர்களுடைய ஹெதர் தேனும் கிறிஸ்துமஸ் கேக்கும் என் மூக்கின் நினைவில் ஆழமாக இல்லாதவை. கருப்பட்டி, பழம்புளி, வறுத்த கடலைத் தோல் என்று எழுதினால்தான் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது அந்த மணம் எனக்குத் திரும்ப வருகிறது.

கந்தகம் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஷெர்ரிப் பீப்பாய்களைக் கெடாமல் வைத்திருக்க உள்ளே கந்தகத் திரி கொளுத்துவார்கள். அதன் எச்சம் பின்னர் விஸ்கியில் இறங்கலாம். மற்றொன்று வடிப்பிலேயே வருவது. ஆவி எவ்வளவு நேரம் செம்பைத் தொட்டுக்கொண்டு போகிறதோ அவ்வளவுக்குக் கந்தகச் சேர்மங்கள் செம்போடு பிணைந்து குறையும். இன்று பெரும்பாலான வடிசாலைகளில் இருக்கும் குளிர்விப்பானில் எண்ணற்ற மெல்லிய செப்புக் குழாய்கள் நெருங்கி நிற்பதால் தொடு பரப்பு அதிகம். பழைய முறையான வோர்ம் டப்பில், குளிர்ந்த நீர்த்தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் ஒற்றைக் குழாய் வழியாக ஆவி இறங்கும். செம்பின் தொடுகை குறைவு, கந்தகமும் கனமும் மிகுதி. ஸ்பேசைடில் மோர்ட்லாக், பென்ரின்னஸ், கிரைகெல்லாகி, கிராகன்மோர் போன்ற சில இடங்களில் இன்றும் வோர்ம் டப் இருக்கிறது. இறைச்சிச் சாறு போன்ற அந்தக் கனத்தை வைத்து என் ஊகம் முதல் இரண்டில் ஒன்று. அதற்கு மேல் பந்தயம் கட்ட மாட்டேன்.

இனி நீருக்கு வருகிறேன். மார்ச்சில் நான் செய்தது பலரும் செய்வதுதான்: முதலில் நீரில்லாமல் முகர்வது, பிறகு தேக்கரண்டி நுனியால் கொஞ்சம் விடுவது, உடனே மறுபடி முகர்வது, பிடிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் விடுவது. நீர் விட்டதும் கந்தகம் குறைவதற்குப் பதிலாக மேலும் எழுந்து அறை முழுவதும் நின்றது. ‘நீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதி 76 போட்டு மூடினேன். நான் சேர்த்தது எத்தனை மில்லி, கோப்பையில் இருந்தது எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தில் விடை இல்லை என்பது ஜூனில்தான் உறைத்தது. தேக்கரண்டி நுனி என்பது ஓர் அளவா என்ன?

1 மில்லி பிப்பெட் (அளவுகோடு போட்ட உறிஞ்சுகுழாய்) ஒன்று வாங்கியபின் கணக்கு எளிதாயிற்று. ஊற்றிய அளவை இப்போதைய சதவீதத்தால் பெருக்கி, வேண்டிய சதவீதத்தால் வகுத்தால் மொத்த அளவு கிடைக்கும். 58.4 சதவீதத்தில் 20 மில்லி எடுத்தால், 52க்கு இறக்க ஏறக்குறைய 2.5 மில்லி நீர், 48க்கு 4.3, 46க்கு 5.4, 43க்கு 7.2. ஆல்கஹாலும் நீரும் கலக்கும்போது கொள்ளளவு சற்றுச் சுருங்குவதால் உண்மையான வலிமை கணக்கைவிடச் சிறு பின்னம் கூடுதலாகவே நிற்கும். வீட்டு மேசையில் அதைப் பொருட்படுத்துவதில்லை. இங்கே குழாய் நீர் மென்மையானது என்பதால் அதைக் கொதிக்கவைத்து, திறந்த பாத்திரத்தில் இரவு முழுவதும் ஆறவிட்டுப் பயன்படுத்துகிறேன்.

இந்த எண்கள் வெறும் பிடிவாதம் அல்ல என்பதற்கு ஓர் ஆதாரம் உண்டு. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2017இல் கணினி உருவகிப்பில் காட்டியது இது: புகை மணத்துக்குக் காரணமான குவாயகால் மூலக்கூறு, 45 சதவீதம் வரையிலான கலவையில் திரவத்தின் மேற்பரப்பில் சேர்கிறது, 59க்கு மேல் போனால் எத்தனால் சூழ்ந்து அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. என் புட்டி புகை மால்ட் அன்று, கந்தகச் சேர்மங்கள் வேறு வகை; ஆகவே அதை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆனாலும் 58.4இல் முகர்வதும் 48இல் முகர்வதும் ஒரே விஸ்கியின் இரண்டு வெவ்வேறு மேற்பரப்புகளை முகர்வதாகும் என்ற அளவுக்கு அது என்னை நம்பவைத்தது.

பிப்பெட் வந்தபின்னும் இரண்டு வாரம் தோல்விதான். 52இல் கந்தகம், 48இல் கந்தகம், 46இல் கந்தகம். ஒருநாள் 48இல் நிறுத்திய கோப்பையை மூடிவைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போய், முக்கால் மணி நேரம் கழித்து வந்து மூடியை எடுத்தபோது மத்தாப்பு அடங்கியிருந்தது. கருப்பட்டிப் பாகு காயும் சட்டியிலிருந்து வருவது போன்ற மணம் மேலே வந்திருந்தது. நீர் விட்டவுடன் எழும் முதல் அலையைத்தான் இத்தனை நாளும் நான் மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் பொறுத்தால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் பொறுத்திருந்தேன். இந்த விஸ்கிக்குப் பத்து நிமிடம் எட்டவில்லை.

இடையில் ஒரு குறுக்கு வழியையும் பார்த்தேன். செம்பு கந்தகத்தைப் பிடிக்கும் என்றால் கோப்பையிலேயே செம்பைப் போட்டால் என்ன? 1992க்கு முன் அச்சிட்ட பிரிட்டனின் இரண்டு பென்ஸ் நாணயம் பெரும்பகுதி செம்பாலான வெண்கலம். அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் செம்பு பூசிய எஃகு. பழையது ஒன்றைத் தேடியெடுத்து, புளி போட்டுத் தேய்த்து, கழுவிக் கோப்பையில் விட்டேன். ஐந்து நிமிடத்தில் வாடை கணிசமாகக் குறைந்தது. குறைந்த இடத்தில் உலோக நெடி ஒன்று வந்து அமர்ந்துகொண்டது. அதைக் குடிக்கவில்லை, தொட்டியில் ஊற்றிவிட்டேன். கந்தகம் உண்மையில் இருக்கிறது, என் கற்பனை அன்று என்று உறுதிசெய்ய மட்டுமே அது உதவியது.

சனிக்கிழமைச் சோதனைக்கு வெள்ளிக்கிழமை இரவே தயார் செய்தேன். ஐந்து சிறு குப்பிகள்: ஒன்று நீரில்லாதது, மற்றவை 52, 48, 46, 43. ஒவ்வொன்றையும் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடி, அலமாரியில் இருபது மணி நேரம் வைத்தேன். மறுநாள் மாலை ஐந்து கிளென்கேர்ன் (வாய் குறுகிய விஸ்கி) கோப்பைகளின் அடியில் எண்களை ஒட்டி ஊற்றி முடித்ததும், என் மனைவி வரிசையைக் கலைத்துவைத்தாள். ஒரு கோப்பை லேசாகக் கலங்கியிருந்ததால் அது 43 என்று பார்த்ததுமே தெரிந்துபோயிற்று; குளிர்வடிகட்டாத விஸ்கி 46க்குக் கீழே இறங்கினால், அதுவும் குளிர்ந்த சமையலறையில், கொழுப்பமில எஸ்டர்கள் பிரிந்து மூட்டம் போடும். ஆகவே அடுத்த முறை கருநீலக் கோப்பைகள் வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

மற்ற நான்கும் எனக்குத் தெரியாது. ஒன்றில் மூக்கு எரிந்தது, மத்தாப்பு முன்னே நின்றது. இன்னொன்றில் எரிச்சல் இல்லை, ஆனால் இறைச்சிச் சாறு மட்டும் தனியே தெரிந்தது. மூன்றாவது கோப்பையில் முதல் முகர்விலேயே கருப்பட்டி, காய்ந்த திராட்சை, அதன் பின்னே பழம்புளியின் இனிப்புக் கலந்த புளிப்பு. கந்தகம் இருந்தது, ஆனால் விறகடுப்புப் புகை சமையலில் ஏறியிருப்பது போல அளவோடு இருந்தது. வாயில் எண்ணெய்ப் பிசுக்கு கெடவில்லை, விழுங்கியபின் கடலைத் தோலின் மெல்லிய கசப்பு நெடுநேரம் நின்றது. நான்காவதும் ஏறக்குறைய அதேதான், ஆனால் நடு நாக்கில் ஒரு தொய்வு. திருப்பிப் பார்த்தபோது மூன்றாவது 48, நான்காவது 46. இரண்டு சதவீதத்துக்கு, அதாவது ஒரு மில்லியைச் சற்றே தாண்டும் நீருக்கு, இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

இதனால்தான் ஒரே மாலையில் பத்துப் பன்னிரண்டு மாதிரிகளை வரிசையாக முகர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 83, 86, 84 என்று எண் போட்டு முடிப்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. என் நண்பர் ஒருவர் நீரே தொட மாட்டார். பீப்பாய் வலிமையை அப்படியே மதிப்பதுதான் நேர்மை என்பார். நிறுவனங்கள் பெரும்பாலும் 40, 43, 46 என்று ஏற்கெனவே நீர் சேர்த்து அடைப்பதைக் குடிக்கும்போது அவருக்கு அந்தக் கொள்கை நினைவுக்கு வருவதில்லை. பீப்பாயிலிருந்து அப்படியே அடைக்கும் சுயேச்சை நிறுவனம், நீர் சேர்க்கும் வேலையை நம்மிடம் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்யாமல் போடும் எண்ணுக்கு என்ன பொருள்? என்னுடைய 76க்கும் இந்தக் கேள்வி பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிறு குப்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் மலிவாகக் கிடைத்த முதல் தொகுதியின் மூடிகளில் பிளாஸ்டிக் நெடி இருந்து இரண்டு மாதிரிகள் வீணாயின. கூம்பு வடிவ உட்பக்கம் கொண்ட மூடிகளாகப் பார்த்து வாங்கினால் அந்தத் தொல்லை குறைவு. அடுத்த புட்டிக்கு எடின்பரோவின் கேனன்கேட் தெருவில் உள்ள கேடன்ஹெட் கடையில், ஐலா தீவின் புகை மால்ட்டான கல் ஈலா ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். 1842இல் தொடங்கிய அந்த நிறுவனத்தார் நீர் சேர்க்காமல் அடைப்பவற்றில் ஐலா மால்ட் ஒன்றை இதே ஐந்து குப்பி முறையில் பார்த்தால், ஸ்வீடன்காரர்கள் சொன்ன குவாயகால் கணக்கை என் மூக்கிலேயே சரிபார்க்கலாம். லீத்தில் இருக்கும் ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டியின் புட்டிகளில் வடிசாலையின் பெயருக்குப் பதிலாக எண்தான் இருக்கும். 53 என்றால் கல் ஈலா என்று எனக்குத் தெரிந்துவிட்டதால், கண்மூடிச் சோதனைக்கு அது இனி உதவாது. கார்டன் அண்ட் மக்ஃபெயில் என்ற மற்றொரு சுயேச்சை நிறுவனம் 2024 முதல் பிறருடைய வடிசாலைகளிலிருந்து புதிய மதுவைப் பீப்பாய்களில் நிரப்புவதில்லை என்று 2023இல் அறிவித்ததிலிருந்து, அவர்களுடைய பழைய இருப்பில் பென்ரின்னஸ் ஏதாவது அகப்பட்டால் விடக் கூடாது என்ற எண்ணமும் இருக்கிறது. என் ஊகத்தைச் சோதிக்க ஒப்பீட்டுக்கு ஒன்று வேண்டுமல்லவா?

ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. மார்ச்சிலிருந்து ஜூலை வரை புட்டியில் பாதி காலியாகிவிட்டது; அந்தக் காலி இடத்திலிருந்த காற்றும் கந்தகத்தைக் குறைத்திருக்கலாம். நல்லவேளையாக, திறந்த அன்றே 50 மில்லிக் குப்பி ஒன்றை விளிம்புவரை நிரப்பி நாடா சுற்றி வைத்திருந்தேன். சனிக்கிழமை சோதனை முடிந்தபின் அதைத் திறந்து, நீரில்லாமல், புட்டியில் மிச்சமிருப்பதோடு ஒப்பிட்டேன். மார்ச் மாதக் குப்பியில் மத்தாப்பு அன்று போலவே இருந்தது. புட்டியில் அதில் பாதிதான். ஆகவே 87இல் எவ்வளவு நீரால், எவ்வளவு காற்றால் என்று பிரிக்க முடியவில்லை. அது தெரியும்வரை மாற்றலாம் என்று அந்த எண்ணைப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். மார்ச் விஸ்கியில் 20 மில்லியை அதற்கேற்ற சிறு குப்பிக்கு மாற்றி மூடிவிட்டேன். வியாழக்கிழமை இரவு அதில் 4.3 மில்லி நீர் சேரும். வெள்ளி மாலை திறப்பேன்.