அது நிமிஷம் இல்லை சார், கலர்

திங்கட்கிழமை காலை மீட்டிங் என்றாலே எனக்கு வயிறு கலக்கும். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்புகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஊர்ந்து, துரைப்பாக்கம் ஆபீசுக்கு வியர்வையோடு வந்து உட்கார்ந்தால் சிரிப்பா வரும்? போன வாரம் நான் உட்கார்ந்ததுமே மேனேஜர் சார் பெரிய ஸ்கிரீனில் ஒரு எக்செல்லைத் திறந்தார்.

"தம்பி, ராத்திரி ஓடுற உங்க ஸ்கிரிப்டோட லாகை உட்கார்ந்து படிச்சேன். மொத்தம் 47 ஃபைல். 44 பாஸ், 3 ஃபெயில். பாஸ் ஆகிற ஃபைல் ஒவ்வொண்ணும் சரியா 32 நிமிஷம் எடுக்குது. ஃபெயில் ஆகிறது 31 நிமிஷம். சராசரி 31.94."

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ஃபைல்களை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிவை லாக் என்ற பதிவில் எழுதும் அந்த ஸ்கிரிப்ட் ராத்திரி இரண்டு மணிக்குத் தொடங்கி இரண்டு பத்துக்குள் முடிந்துவிடும்.

"கூட்டிப் பார்த்தா 1,501 நிமிஷம். அதாவது 25 மணி நேரம் 1 நிமிஷம். ஒரே ராத்திரியில 25 மணி நேர வேலை எப்படி நடக்குது? பேரலலா ஓட்டுறீங்களா?"

பாராட்டா திட்டா என்று புரியாமல் எழுந்து போய் லாகைப் பார்த்தேன். பாஸ் ஆன ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு குட்டிக் கட்டம், ஒரு சதுர அடைப்புக்குறி, 32, அதை ஒட்டி ஓர் 'எம்'. ஃபெயில் ஆன வரிகளுக்கு 31, எம். எம் என்றால் மினிட்ஸ். அவர் கணக்கில் என்ன தப்பு? வரி முடிவில் வந்த 0 எம்முக்கும் 'மீதி நேரம்' என்று எக்செல்லில் தனியாக ஒரு நெடுவரிசை போட்டிருந்தார். மனுஷன் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்திருக்கிறார்.

"சார், அது நிமிஷம் இல்லை, கலர். 32 பச்சை, 31 சிவப்பு, 0 போட்டா பழையபடி ஆகிடும்."

"கலரா? எல்லாம் கருப்பாத்தானே இருக்கு?"

அதற்கு என்ன பதில் சொல்வது? "எதுவா வேணா இருக்கட்டும், இந்த மாசம் 30க்குக் கொண்டு வாங்க" என்றார். கொண்டு வரலாம். 30 என்றால் கருப்பு. கருப்புத் திரையில் கருப்பு எழுத்து, ஃபெயில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

தப்பு என்னுடையதுதான். ஸ்கிரிப்ட் எழுதும்போது என் லேப்டாப் திரையில் பச்சையும் சிவப்புமாக மாரியம்மன் கோயில் சீரியல் செட் மாதிரி ஜொலித்தது. கலருக்காக நான் எழுதியது இதுதான்: எஸ்கேப் எழுத்து, அதாவது 27ஆம் நம்பர் (சார் பார்த்த குட்டிக் கட்டம்), அதன் பின்னால் அடைப்புக்குறி, எண், எம். டெர்மினல், அதாவது கட்டளை அடிக்கும் திரை, இதைப் பார்த்தால் அச்சிடாது, கட்டளையாக எடுத்துக்கொண்டு நிறத்தை மாற்றும். ஆனால் ராத்திரி அதை ஓட்டுவது, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரான். எழுத்தெல்லாம் போய் விழுவது ஒரு ஃபைலில். அந்த ஃபைல் மெயிலில் போய், சார் அதை நோட்பேடில் திறக்கிறார். நோட்பேடுக்குக் கட்டளையும் தெரியாது, வெட்கமும் தெரியாது. வந்ததை அப்படியே காட்டும்.

எங்கள் வீட்டில் கருப்பு-வெள்ளை டிவி இருந்த காலத்தில், 1982இல் தூர்தர்ஷன் கலருக்கு மாறிய பிறகும், அது பாட்டுக்குக் கலரை விழுங்கிவிட்டுப் படத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது என்பார் அம்மா. 1978இல் வந்த விடி100 டெர்மினலும் அந்த ரகம்தான். அதற்குக் கலர் கிடையாது, கலர் கட்டளை வந்தால் கண்டுகொள்ளாது. அந்தப் பெருந்தன்மை நோட்பேடிடம் இல்லை.

சரி, திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். டிபுட் கலர்ஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. டெர்மினலுக்கு எத்தனை கலர் தெரியும் என்று சொல்லும். என் லேப்டாப்பில் அடித்தேன், 256 என்றது. விடி100 என்று பெயரைக் கொடுத்துக் கேட்டேன், மைனஸ் 1 என்றது. அட, இவ்வளவுதானா! எட்டுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் கலர் போடு என்று ஸ்கிரிப்டில் எழுதிவிட்டு, நிம்மதியாக வேளச்சேரி ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

மறுநாள் லாகில் கலர் எண் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில், டெர்ம் என்ற மாறிக்கு மதிப்பே இல்லை என்று டிபுட் புலம்பிய வரி, 47 முறை. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன் அல்லவா!

சிஸ்டம் அட்மின் அண்ணனைக் கீழே டீக்கடையில் பிடித்தேன். மசால் வடையைப் பிய்த்துக்கொண்டே முழுக்கதையும் கேட்டார். இரண்டு தடவை புரையேறியது.

"டிபுட் என்ன திரையை எட்டியா பார்க்குது? டெர்ம்னு ஒரு பேர்ச்சீட்டு ஒட்டியிருக்கும். அதுல என்ன பேர் இருக்கோ, அதை, எந்த டெர்மினலுக்கு என்ன தெரியும்னு எழுதி வச்ச டெர்மின்ஃபோ புத்தகத்துல தேடி எண்ணைச் சொல்லும். கிரான்ல அந்தச் சீட்டே கிடையாது, புலம்பாம என்ன பண்ணும்?"

"அப்ப எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?"

"நீ கேக்குற கேள்வியே தப்புடா. பந்தியில சாம்பார் வாளியோட போறவன் என்ன பண்ணுவான்? உங்களுக்குக் காரம் ஒத்துக்குமா, எத்தனை கரண்டி வேணும்னா முதல்ல கேக்குறான்? இலைக்குப் பின்னாடி ஆள் இருக்கானான்னு பார்க்குறான். ஆள் இல்லாத இலையில ஊத்தினா தரையெல்லாம் ஓடும். உன் மேனேஜர் மடியில ஓடின மாதிரி."

ஆள் இருக்கிறாரா என்று பார்க்க இஸ்-எ-டிடிஒய் (isatty) என்றொரு ஃபங்ஷன். கட்டளைகளை ஓட்டும் ஷெல்லில் அதற்கு மைனஸ் டி, 1 என்று சோதித்தால் போதும். 1 என்பது ஸ்டாண்டர்டு அவுட்புட், அதாவது ஸ்கிரிப்ட் எழுதுவது வெளியே போகும் வழி. அது டெர்மினலுக்குப் போகிறதென்றால் ஆம், ஃபைலுக்கோ, இன்னொரு புரோகிராமுக்குக் கொண்டுபோகும் பைப்புக்கோ போகிறதென்றால் இல்லை. 'ஆம்' வந்த பிறகுதான் டிபுட்டிடம் எத்தனை கலர் என்று கேட்க வேண்டும். எழுத்தைத் தேடும் கிரெப்பில் கலர் ஆட்டோ என்று போடுகிறோமே, அதுவும் இதே சோதனைதான். இத்தனை வருஷமாகப் பயன்படுத்தியும் ஏன் என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை.

"நோ_கலர்னு ஒரு மாறி செட் ஆகியிருக்கான்னும் பாரு" என்றார் கிளாஸை வைத்துவிட்டு. 2017இலிருந்து இருக்கும் ஏற்பாடாம். அது இருந்தால், எந்தத் திரையாக இருந்தாலும் கலர் போடக்கூடாது. "நான் எப்பவும் செட் பண்ணித்தான் வச்சிருப்பேன். உங்க சீரியல் செட்டைப் பார்த்தாலே எனக்குத் தலைவலி."

அன்று ராத்திரி லாக் சுத்தமாக வந்தது. மறுநாள் காலையிலேயே டெஸ்டிங் பொண்ணு வந்து நின்றாள்.

"அண்ணா, ஸ்கிரிப்ட் அவுட்புட்டை லெஸ்ல போட்டுத்தான் பார்ப்பேன். சிவப்பு எல்லாம் எங்கே போச்சு?"

லெஸ் என்பது நீளமான அவுட்புட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் புரோகிராம். அதற்குப் போவது பைப். பைப் என்றால் ஆள் இல்லை என்று ஸ்கிரிப்ட் முடிவு கட்டிவிடும், அந்தப் பக்கம் இவள் உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியாது. கலர் எப்போதும் வேண்டும் என்று சொல்ல ஓர் ஆப்ஷன் சேர்த்து, அந்தக் கலரைக் காட்ட லெஸ்ஸுக்குப் பெரிய ஆர் போடச் சொல்லி அனுப்பினேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை மேனேஜர் சார் கூப்பிட்டார்.

"தம்பி, எக்செல்ல நிமிஷத்துக்குப் போட்ட வரிசை காலியா இருக்கே? நல்லாத்தானே இருந்துச்சு? மேலே வேற அனுப்பிட்டேன்."

மேலேயா! வேறு வழியில்லாமல், ஒவ்வொரு ஃபைலுக்கும் நிஜமாகவே ஆகும் நேரத்தை அளந்து லாகில் சேர்த்தேன். சராசரி 12 விநாடி. வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில்: ஒரே வாரத்தில் 31.94 நிமிடத்தை 12 விநாடியாகக் குறைத்த குழுவுக்குப் பாராட்டு.

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். இப்போது அவருக்கும் கலர் விஷயம் புரிந்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வாங்க தம்பி, கீழே போய் ஒரு டீ சாப்பிடலாம்" என்றார். ஆறு வருஷத்தில் முதல் தடவை, காசும் அவரே கொடுத்தார்.