தாயின் தாய்

ஜப்பானில் மீன்கடைக்குள் நுழைகிற தமிழரை முதல் வாரத்திலேயே திடுக்கிட வைக்கிற சொல் ‘தாய்’. செவ்வுடம்பில் நீலப் பொட்டுகள் மின்ன, ஐஸ்கட்டி மேல் கிடக்கிற மீனுக்கு அதுதான் பெயர். மாலையில் கூட்டம் குறைந்ததும் அதன் தலைக்கு அரைவிலைச் சீட்டு ஒட்டுவார்கள். ‘தாய்த்தலை பாதி விலை’ என்று மனசுக்குள் தமிழில் வாசிக்கிறவருக்குச் சிரிப்பு வரும். கூடவே தொண்டையை ஏதோ அடைக்கும். இங்கே மணி ஏழு என்றால் ஊரில் மூன்றரை. அந்திச்சந்தைக்கு மீன்கூடைகள் கிளம்புகிற நேரம். ‘இப்பம் கரையேறினது மக்கா, செவுளைப் பாரு’ என்று மூடியைத் தூக்கிக் காட்டும் குரலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, பாலித்தீன் சுற்றிய தட்டுகளின் அமைதி பழக நாளாகும்.

இந்தத் தாய் நம் விளமீனுக்குப் பங்காளி முறை. வாங்கும்போது வாலைப் பார்க்க வேண்டும். வால் விளிம்பில் கறுப்புக் கரை ஓடினால் அசல் தாய், மதாய் என்பார்கள். கரை இல்லாமல், செவுள்மூடியின் ஓரம் மட்டும் ரத்தச் சிவப்பாக இருந்தால் அது சிதாய் என்ற சின்ன இனம். வளர்ப்பு மீன் நிறம் மங்கியிருக்கும். ஆழமில்லாத வலைக்கூண்டில் வெயில் பட்டுப் பட்டு அதன் தோலும் கடற்கரைப் பிள்ளைகளின் தோலைப் போலவே கறுத்துவிடுகிறது. அதைத் தடுக்கக் கூண்டுக்கு மேல் நிழல்வலை கட்டுகிறார்கள்.

இந்த மீனுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பது எபிசுவைப் பார்த்தால் புரியும். மீனவர்களின் தெய்வம். உப்பிய கன்னம், ஒரு கையில் தூண்டில், இன்னொரு கக்கத்தில் ஒரு தாய் மீன். ஜப்பானின் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் பலர் இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்தவர்கள். நம் கலைமகளே பென்சாய்தென் என்ற பெயரில் அந்தக் கூட்டத்தோடு படகில் உட்கார்ந்திருக்கிறாள். எபிசு மட்டும் உள்ளூர்க்காரர். மங்களம் என்பதற்கு ஜப்பானியச் சொல் ‘மெதெதாய்’. அதன் வாலில் தாய் ஒலிப்பதால் கல்யாணம், புத்தாண்டு, பிள்ளை பிறந்த நூறாம் நாள் என எல்லா நல்ல காரியத்துக்கும் தலையும் வாலுமாக முழு மீனைச் சுட்டு வைக்கிறார்கள். சுடுவதற்கு முன் வாலிலும் துடுப்புகளிலும் உப்பை அப்பியாக வேண்டும். இல்லையென்றால் சதை வேகும் முன்னே அவை கருகி உதிர்ந்துவிடும். மூளியான மீன் மங்களத்துக்கு ஆகாது. ஜனவரி 10-ஐ ஒட்டி நிஷினோமியாவில் உள்ள எபிசு கோயிலில் பெரிய சூரை இன மீனைப் படைத்து வைப்பார்கள். வருகிறவர்கள் உறைந்து கிடக்கும் அதன் உடம்பில் காசை ஒட்டிவிட்டுப் போவார்கள். காசு விழாமல் நின்றால் கையில் பணமும் நிற்குமாம். பிடிபட்ட மீனில் ஒரு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கிப் பழகிய கரைக்காரர்களுக்கு இதில் விளக்கிச் சொல்ல எதுவும் இல்லை.

எபிசு தூங்கிவிட்ட கதையும் உண்டு. பூமிக்கு அடியில் ஒரு பெருங்கெளுத்தி கிடக்கிறது, அது புரண்டால் நிலம் ஆடும் என்பது இங்குள்ள நம்பிக்கை. காஷிமா கோயில் தெய்வம் ஒரு கல்லால் அதன் தலையை அழுத்தி வைத்திருக்கிறார். கல்லின் தலைப்பு மட்டும்தான் வெளியே தெரியும். ஏழு நாள் தோண்டியும் அடியைக் காண முடியவில்லை என்பார்கள். 1855-இல் எதோவை, அதாவது இன்றைய டோக்கியோவை, நிலநடுக்கம் புரட்டிப் போட்டது. தெய்வங்கள் எல்லாம் இசுமோ கோயிலுக்குக் கூட்டத்துக்குப் போகிற மாதம் அது. காவலுக்கு விட்டுப்போன எபிசு கண்ணயர்ந்தார், கெளுத்தி துள்ளிவிட்டது என்று அச்சுப்படங்கள் போட்டு விற்றார்கள். இன்றும் டோக்கியோ சாலைகளில், பெரும் நிலநடுக்கம் வந்தால் எந்தச் சாலை மூடப்படும் என்று சொல்லும் பலகையில் நீல நிறக் கெளுத்தி ஒன்று மீசையோடு சிரித்துக்கொண்டிருக்கிறது. முதலில் அது மீன்கடை விளம்பரம் என்றே தோன்றும். விவரம் தெரிந்த பிறகு அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று குமரிக் கரை ஊர்ப்பெயர்கள் வரிசையாக மனசில் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வாரக்கணக்கில் மீன் வாங்க ஆளில்லாமல் கிடந்த சந்தைகளை நம் மக்கள் மறக்கவில்லை. கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் அதன் கோபத்துக்கும் ஒரு முகம் வரைந்து வைப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

நண்டில் இன்னும் நெருக்கம். நம் கரையில் முதுகில் சிலுவைக் குறியோடு வருகிற சிலுவை நண்டைத் தெரியாதவர் இல்லை. கடலில் விழுந்த சவேரியாரின் சிலுவையை ஒரு நண்டு இடுக்கியில் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்த கதையோடு அதைச் சேர்த்தே சொல்வார்கள். கோட்டாறு திருவிழாவுக்கு டிசம்பர் 3-இல் குமரி மாவட்டத்துக்கே விடுமுறை விட வைக்கும் அதே சவேரியார்தான் 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் வந்து இறங்கினார். பிறகு அவர் போதித்த யாமகுச்சிப் பகுதிக் கடலில் வேறொரு நண்டு இருக்கிறது. அதன் முதுகில் சினம் கொண்ட மனித முகம். 1185-இல் தான்னோஉரா கடற்போரில் மூழ்கிய ஹெய்கே குல வீரர்கள் நண்டாகப் பிறந்திருக்கிறார்கள் என்கிறார்கள். ஓட்டின் உட்புறம் தசைகள் ஒட்டும் இடங்கள்தான் வெளியே பள்ளமும் மேடுமாகி முகம்போல் தெரிகின்றன. விரலிரண்டு அகலமுள்ள நண்டு; சமைக்க மாட்டார்கள். நம் சிலுவை நண்டோ நேரே சட்டிக்குப் போகும், அதனால் அதன் புனிதம் குறைந்ததாக எவரும் நினைப்பதில்லை.

இனி, தாய்க்குள்ளே இருக்கிற ஒன்று. எபிசு கக்கத்தில் உள்ளதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான்.

இந்த மீனின் பக்கத்துடுப்பு வேரில் ஒரு முள் இருக்கிறது. தனியே எடுத்துப் பார்த்தால் அதுவே ஒரு குட்டி மீன்: தலை, கண், குறுகிய வால். இதை ‘தாய் நோ தாய்’ என்கிறார்கள். ‘நோ’ என்பது நம் ‘இன்’ உருபு. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் தாயின் தாய். மங்கள மீனின் உள்ளேயே இன்னொரு மீன் என்பதால் நல்வாய்ப்புக்காகப் பணப்பையில் போட்டுக்கொள்கிறார்கள். விவிலியத்தின் தோபித்து நூலில் மீனின் பித்தம் கண்ணுக்கு மருந்தானது, இதயமும் ஈரலும் பேயை விரட்டின. முள்ளை அங்கேயும் யாரும் நினைக்கவில்லை.

எடுப்பதற்கு முழு மீன் வேண்டாம். ‘ஆரா’ என்று எழுதிய தட்டுகளில் தலையும் கழுத்துத் துண்டும் மலிவாகக் கிடைக்கும். செவுளுக்குப் பின்னால் பக்கத்துடுப்போடு வருகிற ‘காமா’ துண்டு இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும்; வெறும் தலை என்றால் பயனில்லை. கொதிநீரை ஊற்றி உடனே குளிர்ந்த நீரில் போட்டால் செதிலும் ரத்தக்கட்டும் விரலோடு வந்துவிடும். பிறகு உப்பு மட்டும் போட்டு மிதமான தீயில் பத்து நிமிடம். சதை முள்ளைவிட்டு விலகத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் அது இரண்டு முட்கள் பொருந்திய உருவம். அதிகம் வெந்தால் பொருத்து இளகி, கண்ணுள்ள பாதி ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். சுட்ட மீனில் எடுத்தால் கருகி ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

கத்தி வேண்டாம், விரல் போதும். துடுப்பைப் பிடித்துக்கொண்டு வேரைச் சுற்றிச் சதையை நீக்கினால் அரிவாள்போல் வளைந்த பெரிய எலும்பு தெரியும். துடுப்பை மெல்ல ஆட்டினால் அரிவாளின் உட்புறம் கூடவே அசைகிற மெல்லிய தகடு ஒன்று இருக்கும். அதுதான். துடுப்பைத் தாங்கும் நான்கு குட்டி முட்களைக் கிள்ளி நீக்கிவிட்டு, தகட்டை அரிவாளிலிருந்து பக்கவாட்டில் நகர்த்திக் கழற்ற வேண்டும். மேலே இழுத்தால் கண்ணோரம் உடையும். இடமும் வலமுமாக ஒரு மீனுக்கு இரண்டு. பழைய பல்துலக்கியால் தேய்த்து, பாத்திரச் சோப்பு கலந்த நீரில் ஓர் இரவு போட்டால் கொழுப்பு விடும். வெண்மை வேண்டுமென்றால் மருந்துக்கடை ஆக்சிடோல் போதும். அது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. குளோரின் கலந்த ப்ளீச் பொருத்தை அரித்துவிடும். வினிகர் சுண்ணாம்பைக் கரைத்து முள்ளைத் தொளதொளப்பாக்கும். இரண்டு மூன்று நாள் நிழலில் காய வைக்க வேண்டும்.

நாலைந்து மீனில் கை பழகிவிடும். குளிர் பழகி, குப்பை பிரிக்கிற கிழமைகள் பழகி, மே 5-க்கு ஆற்றின் மேல் பறக்கிற கெண்டைக்கொடிகளைப் பார்த்துப் பாண்டியர் கொடியை நினைக்காமல் இருக்கவும் பழகி, இனி இதுதான் ஊர் என்று தோன்றுகிற வேளையில்தான் இந்த முள் வேலை காட்டும். ஏனென்றால் இது தாய்க்கு மட்டும் உரியதல்ல. சுறாவையும் திருக்கையையும் விட்டுவிடுங்கள், அவற்றுக்குக் குருத்தெலும்புதான். விளமீன், பாறை, நெய்மீன், அயிலை எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வடிவம். சாளையில்கூட உண்டு, எடுக்கும்முன் உடைந்துவிடும்.

மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த மீன்கறியும் பரிமாறுகிற வீட்டில் நடுத்துண்டெல்லாம் பிள்ளைகளுக்குப் போகும். தலையைப் பாட்டி வாங்கிக்கொள்வாள். ‘தலையிலதான் ருசி’ என்பாள். ஒவ்வொரு முள்ளாகச் சப்பி, கிண்ணத்தின் விளிம்பில் வரிசையாக வைப்பாள். அந்த வரிசையில் தினமும் இரண்டு கிடந்திருக்கின்றன. கை கழுவப் போகும்போது பூனைக்குப் போட்டிருக்கிறோம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் விளமீன் தலையைக் கறியில் போடும்முன் காமாத் துண்டை மட்டும் தனியே வேக வைத்து எடுத்துக்கொள்ளலாம். மறந்து கறியில் விழுந்துவிட்டாலும் புளியில் ஊற விடாமல் உடனே எடுத்தால் கெடாது. மஞ்சள் ஏறியிருக்கும். அந்த நிறம் வெயிலில் மெல்ல வெளுத்துவிடும். மொட்டைமாடியில், பூனைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.