பிஸ்மத்தும் டங்ஸ்டனும்: வாத்துத் தோட்டா மறுநிரப்பில் செய்து பார்த்தவை

அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய பெல்லட் (தோட்டாவில் நிரப்பும் சிறு குண்டுகள்) கூடாது. கனடாவில் 1999 முதல் இதே விதி. குளத்தின் அடியில் கிடக்கும் ஈயத்தைச் சிறுகல் என்று நினைத்து வாத்து விழுங்கும், இரைப்பையில் அது அரைபட்டு விஷமாகும் என்பதுதான் காரணம். ஈயம் போன இடத்தில் இரும்பு வந்தது. இரும்பின் அடர்த்தி (கன செ.மீ.க்கு கிராமில்) 7.86, ஈய பெல்லட்டுக்கு 11.1. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் 9.6 அடர்த்தியுள்ள பிஸ்மத் உலோகமும், 18 வரை போகும் டங்ஸ்டன் கலவையான டிஎஸ்எஸ்ஸும் (டங்ஸ்டன் சூப்பர் ஷாட்). கடைத்தோட்டாவில் இவை விலை எகிறும் என்பதால் காலி ஹல்லில் (சுட்டு முடித்த தோட்டாவின் கூட்டில்) வீட்டிலேயே நிரப்புகிறவர்கள் அங்கே நிறைய. 12 கேஜில் பிஸ்மத் 4-ஆம் நம்பரும் 20 கேஜில் டிஎஸ்எஸ் 9-ஆம் நம்பரும் நிரப்பிச் சுட்டுப் பார்த்ததன் குறிப்புகள் இவை. கேஜ் என்பது துப்பாக்கிக் குழலின் அளவு, நம்பர் என்பது பெல்லட்டின் அளவு; இரண்டிலும் எண் கூடக் கூட அளவு சிறிதாகும்.

வெடிமருந்தின் எடை இதில் இல்லை. ஹல், பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி), மருந்து, வாட் (மருந்துக்கு மேல் பெல்லட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம்), பெல்லட்டின் வகையும் எடையும், வாயை மூடும் முறை இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு ரெசிபி. அச்சான மேனுவலில் உள்ளதை அப்படியே எடுக்க வேண்டும். ஒன்று கைவசம் இல்லையென்று வேறொன்றைப் போட்டால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

வாங்கியது அசல்தானா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. சிறிய அளவுக்குழாயில் பாதி தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு (குமிழ் ஒட்டாமலிருக்க), அதில் 100 கிராம் பெல்லட். 18 அடர்த்தி என்றால் தண்ணீர் 5.6 மில்லி ஏறும். 6.7 ஏறினால் கையில் இருப்பது 15 அடர்த்திச் சரக்கு. பிஸ்மத்துக்கு 10.4, ஈயத்துக்கு 9. பிஸ்மத்தா ஈயமா என்ற சந்தேகத்துக்குக் காந்தம் உதவாது, இரண்டுமே ஒட்டாது. குறடுதான் வழி. ஈயம் வெல்லப்பாகு மாதிரி நசுங்கும், பிஸ்மத் பொட்டுக்கடலை மாதிரி இரண்டாக உடையும். அதில் 97 பங்கு பிஸ்மத், 3 பங்கு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு நாம் பூசும் அதே ஈயம்தான். பெயரில் ஈயம் இருந்தாலும் இதற்குத் தடை இல்லை.

நம்பரைத் தேர்ந்தெடுக்க ஒரு குறுக்குக் கணக்கு உண்டு. ஒரே வேகத்தில் வரும் பெல்லட் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை அடர்த்தியையும் விட்டத்தையும் பெருக்கி ஒப்பிடலாம். இரும்பு 2-ஆம் நம்பர் (3.81 மி.மீ.) 29.9. பிஸ்மத் 4 (3.3 மி.மீ.) 31.7. ஈயம் 4 என்றால் 36.6. கடுகளவே இருக்கும் டிஎஸ்எஸ் 9-உம் (2.03 மி.மீ.) அதே 36.6. அந்தக் காலத்து ஈயம் 4 செய்த வேலையை இந்தக் கடுகு செய்கிறது என்றால், அதே எடையில் எண்ணிக்கை இரண்டரை மடங்குக்கும் மேல். அவுன்ஸுக்கு (சுமார் 28 கிராம்) ஈயம் 4 சுமார் 135, டிஎஸ்எஸ் 9 சுமார் 358. காசு கொடுப்பது இந்த எண்ணிக்கைக்காகத்தான். அதை மறந்து ஒன்றரை அவுன்ஸ் திணிப்பதில் அர்த்தமே இல்லை.

எல்லாரும் சறுக்கும் இடம் அளவையில்தான். மறுநிரப்புப் பிரஸ்ஸில் வரும் சார்ஜ் பார் (மருந்தையும் பெல்லட்டையும் அளந்து விடும் நகரும் தண்டு), அதன் அளவுத் துளையான புஷிங் எல்லாம் ஈயத்துக்கு வெட்டியவை, கொள்ளளவால் அளப்பவை. படியால் அளந்தால் பொரியும் ஒரு படி, அரிசியும் ஒரு படி. ஒரு அவுன்ஸ் ஈய புஷிங்கில் பிஸ்மத் விழுந்தால் 0.86 அவுன்ஸ்தான் வரும். அது வெறும் ஏமாற்றம். அதே புஷிங்கில் டிஎஸ்எஸ் விழுந்தால் 1.6 அவுன்ஸ். அது துப்பாக்கியைப் பிளக்கக்கூடிய சுமை. போதாததற்கு, பார் நகரும்போது விளிம்பில் சிக்கும் ஈயம் வெட்டுப்பட்டுப் போய்விடும், பிஸ்மத் நொறுங்கும், டங்ஸ்டன் இரண்டுக்கும் மசியாமல் பாரையே கீறி நிற்கும். அதனால் பெல்லட்டுக்குப் பாரை விட்டுவிட்டு, ஒவ்வொரு சுமையையும் கிரெய்ன் (சுமார் 0.065 கிராம்) தராசில் நிறுத்து, புனலில் ஊற்றுவதே சரி. முக்கால் அவுன்ஸ் என்பது 328 கிரெய்ன். டிஎஸ்எஸ் 9-இல் ஒரு பெல்லட் 1.22 கிரெய்ன், ஆக 268 பெல்லட். ஒருமுறை எண்ணிப் பார்த்துத் தராசைச் சரிபார்த்தால் அப்புறம் நிம்மதி.

டிஎஸ்எஸ் குழலின் எஃகை விடக் கடினம். ஈயத்துக்கான மெல்லிய இதழ் வாடில் போட்டால் பெல்லட் இதழைத் துளைத்துக் குழலைத் தொடும். சுட்ட பிறகு முன்னால் நடந்து போய் வாடைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இதழின் உட்புறம் குழிகள் இருக்கலாம். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த வாட் வேண்டாம். தடித்த, பிளவில்லாத வாடும் உள்ளே மைலார் (உறுதியான பிளாஸ்டிக் தாள்) சுருளும்தான் இதற்குச் சேரும். பிளவைக் கத்தியால் நாமே போட வேண்டும். எத்தனை பிளவு, எவ்வளவு நீளம் என்பதில்தான் பேட்டர்ன் (பெல்லட் தாளில் பரவும் விதம்) நிற்கிறது. பிளவு போதாவிட்டால் வாட் திறக்காது, பெல்லட் மொத்தமாக ஒரே உருண்டையாய்ப் போய்த் தாளில் ஒரு ஓட்டை போடும். அதிகமானால் குழல்வாயிலேயே விரிந்து சிதறும். நான்கு பிளவில் தொடங்கி, நீளத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பது வசதி.

அடுத்தது உயரம். ஒரே எடைக்கு டிஎஸ்எஸ் எடுக்கும் இடம் இரும்பு எடுப்பதில் பாதிக்கும் குறைவு. வாடுக்குள் அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே வெற்றிடம். அப்படியே மடிப்பு போட்டால் நடு குழிந்து இறங்கும், அல்லது ஒரு சுழல் சுழன்று மூடாமல் நிற்கும். பெல்லட்டுக்கு அடியில், வாடுக்குள், ரெசிபி சொல்லும் ஃபெல்ட் அல்லது கார்க் வட்டைப் போட்டு உயரத்தைச் சரிக்கட்ட வேண்டும். மூடியதும் தோட்டாவைக் காதருகே ஆட்டிப் பார்க்கலாம். கலகல என்று கேட்டால் வட்டு போதவில்லை. மடிப்பின் நடுவே ஊசித் துளை இருந்தால் 9-ஆம் நம்பர் அதன் வழியே பையில் உதிரும். ரெசிபி மேலட்டையை (பெல்லட்டின் மேல் வைக்கும் அட்டை) அனுமதித்தால் பிரச்சினை தீர்ந்தது. அனுமதிக்காவிட்டால் அட்டையோடு சேர்ந்த ரோல் கிரிம்ப் (ஹல்லின் விளிம்பை உள்ளே சுருட்டி மூடுவது) ரெசிபியைத் தேடிப் பிடிப்பது மேல்.

பிஸ்மத்தின் நோய் வேறு. வெடிக்கும் கணத்தில் மேலுள்ள பெல்லட்டுகளின் பாரம் கீழுள்ளவற்றை நசுக்கி உடைக்கும். உடைந்த துண்டு நேரே போகாது. தாளில் உருண்டை ஓட்டைகளுக்கு நடுவே கோணலான சிறு கிழிசல்கள் தெரிந்தால் அதுதான் அடையாளம். இடைவெளியில் பொடி பிளாஸ்டிக் பஃபர் நிரப்பினால் கிழிசல் குறையும். பஃபரைச் சிறிது சிறிதாகப் போட்டு ஹல்லை விரலால் தட்டித் தட்டி இறக்க வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் மேலேயே நின்றுவிடும். பஃபர் அழுத்தத்தைக் கூட்டும் என்பதால் பஃபரோடு சோதித்த ரெசிபியில் மட்டும்தான் இது.

பேட்டர்ன் பார்க்க 40 கஜம், 30 அங்குல வட்டம். முதலில் சுட்டுவிட்டு, அடர்ந்த இடத்தை மையமாக வைத்து ஆணியும் நூலும் கொண்டு வட்டம் போடுவதே முறை. வரைந்த வட்டத்தைக் குறிவைத்துச் சுட்டால் துப்பாக்கியின் சாய்வும் கணக்கில் கலந்துவிடும். தோட்டா ஆய்வாளர் டாம் ரோஸ்டரின் கான்செப் (வட அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிப் பயிற்சித் திட்டம்) அட்டவணை மல்லார்ட் போன்ற பெரிய வாத்துக்கு வட்டத்துக்குள் 85 முதல் 90 பெல்லட் கேட்கிறது. ஒன்றேகால் அவுன்ஸ் இரும்பு 2-இல் மொத்தமே 156, ஆகவே 56 சதவீதம் விழ வேண்டும். அதே எடை பிஸ்மத் 4-இல் 196, 45 சதவீதம் போதும். முக்கால் அவுன்ஸ் டிஎஸ்எஸ் 9-இல் 33 சதவீதம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் டிஎஸ்எஸ்ஸுக்கு எக்ஸ்ட்ரா ஃபுல் சோக் (குழல்வாயை மிகவும் சுருக்கும் குழாய்) மாட்டுவது, கூப்பிடு தூரத்தில் வரும் வாத்தைத் தப்பவிடுவதற்கோ கூழாக்குவதற்கோதான். 40 கஜத்துக்குள் சுடுகிறவர் கொஞ்சமே சுருக்கும் இம்ப்ரூவ்டு சிலிண்டரில் ஆரம்பிக்கலாம். ஒரே தாளை நம்ப வேண்டாம். குறைந்தது ஐந்து தாள் சுட்டுச் சராசரி எடுக்க வேண்டும், பத்து என்றால் நல்லது. டிஎஸ்எஸ்ஸில் பத்து சுட மனசு வராது, அது வேறு.

குளிர்காலத்தில் ஒரு எச்சரிக்கை. மெதுவாக எரியும் மருந்துக்குச் சுமை போதாவிட்டால் சரியாகப் பற்றாது. 'டம்' என்பதற்குப் பதில் 'பொத்' என்று கேட்டால் நிறுத்திவிட்டு, தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலுக்குள் வாட் சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது. சிக்கிய வாட் மேல் இன்னொன்று சுட்டால் குழல் வீங்கும் அல்லது கிழியும்.

நிரப்பிய டப்பாவின் மேல் தேதி, ஹல், பிரைமர், மருந்தின் லாட் எண், வாட், பிளவின் நீளம், வட்டின் தடிமன் அத்தனையும் எழுதி ஒட்ட வேண்டும். சமைக்கிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கறியில் தங்கிய பிஸ்மத் பல்லில் பட்டால் பெரும்பாலும் அதுதான் நொறுங்கும். டிஎஸ்எஸ் பட்டால் நொறுங்குவது பல். நெஞ்சுக்கறியைக் கழுவும்போது காயத்தின் பாதை நெடுக விரலால் தடவி, இறகு ஒட்டிய இடத்தைக் கத்திமுனையால் கிளறிப் பார்த்தால் கடுகு அநேகமாகக் கிடைத்துவிடும்.