கேத் லேபில் குழந்தைகளுக்கான கதிர்வீச்சு ஒப்பீட்டு அளவுகள்: எங்கள் மருத்துவமனை அனுபவம்

தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளராகவும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராகவும் பணிபுரிகிறேன். எங்கள் கேத் லேபில் (ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே படத்தின் துணையோடு இதயச் சிகிச்சை செய்யும் அறையில்) எண்பது கிலோ எடையுள்ள பெரியவருக்கு ஏஞ்சியோ செய்யும் அதே மேசையில்தான், மூன்று கிலோகூட நிறையாத பச்சிளங்குழந்தைக்கும் பலூன் சிகிச்சை நடக்கிறது. பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகள் பலர் ஒருமுறையோடு திரும்பிவிடுவதில்லை. அடுத்தடுத்த அறுவைச் சிகிச்சைகளுக்கு முன்னும் பின்னும் மீண்டும் மீண்டும் அந்த மேசைக்கு வருகிறார்கள். வளரும் திசுக்கள் கதிர்வீச்சினால் எளிதில் பாதிக்கப்படக்கூடியவை. அதன் விளைவு வெளிப்படுவதற்கான ஆயுளும் குழந்தைகளுக்கு நீண்டு கிடக்கிறது. ஆகவே, ஒவ்வொரு சிகிச்சையிலும் அவர்களுக்கு எவ்வளவு கதிர்வீச்சு செல்கிறது, அது மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கிறது என்பதை முறையாகக் கணக்கிட முடிவு செய்தோம். இதே பணியைத் தொடங்க நினைக்கும் பிற மருத்துவமனை நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

டி.ஆர்.எல். எனப்படும் ஒப்பீட்டு அளவைப் பற்றிய அடிப்படைப் புரிதல் முதலில் அனைவருக்கும் வேண்டியிருந்தது. பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 1996இல் அறிமுகப்படுத்தி, 2017இல் வெளியிட்ட 135ஆம் வெளியீட்டில் விரிவாக விளக்கிய முறை இது. ஒரு வகைச் சிகிச்சைக்குப் பல மருத்துவமனைகளின் இடைநிலை அளவுகளை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்புகளைத் திரட்டி, அவற்றின் 75ஆம் சதமானத்தை (முக்கால் பங்கு மருத்துவமனைகள் அடங்கும் அளவை) ஒப்பீட்டு அளவாகக் கொள்கிறார்கள். ஒரே மருத்துவமனையின் இடைநிலை அளவு, அந்த இடத்தின் வழக்கமான அளவு மட்டுமே. ஒப்பீட்டு அளவு என்பது மீறக்கூடாத உச்சவரம்பு அன்று. தனியொரு நோயாளிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டியதும் அன்று. நம்முடைய இடைநிலை அளவு ஒப்பீட்டு அளவைத் தொடர்ந்து தாண்டினால், கருவியையும் செய்முறையையும் ஆராய வேண்டும் என்பதே இதன் பொருள். இதை இதய மருத்துவர்களிடம் விளக்குவதற்கு நான் நிறைய நேரம் செலவிட்டேன். சிக்கலான குழந்தைகளை ஏற்றுக்கொள்ளும் மருத்துவரின் பெயருக்கு எதிரே பெரிய எண் வந்து நிற்குமோ என்ற அவர்களுடைய கவலை நியாயமானது. மருத்துவர்களின் பெயரைத் தரவுத்தாளில் எழுதுவதில்லை என்று உறுதியளித்த பிறகே பணி சீராக நகர்ந்தது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலில் பெரிய தடையேதும் இருக்கவில்லை.

எண்களைச் சேகரிக்கும் கட்டத்தில் அலகுகளே முதல் சோதனையாக இருந்தன. கதிர்வீச்சின் அளவையும் அது விழும் பரப்பையும் பெருக்கி வரும் டி.ஏ.பி. மதிப்புதான் ஒப்பீட்டுக்கு முதன்மையானது. எங்களிடம் உள்ள ஒரு கருவி அதை கிரே-சதுர சென்டிமீட்டரில் காட்டும். மற்றொன்று மைக்ரோகிரே-சதுர மீட்டரில் காட்டும். முதல் அலகில் 1 என்பது இரண்டாவதில் 100. கருவி டைகாம் என்ற மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரநிலை வடிவில் சேமித்து வைக்கும் டோஸ் அறிக்கையிலோ கிரே-சதுர மீட்டர்தான் இருக்கும். அங்கே அதே மதிப்பு 0.0001 என்று வந்து நிற்கும். குழந்தைகளின் மதிப்புகள் இயல்பாகவே சிறியவை என்பதால், தசமப்புள்ளி இடம் மாறினாலும் பார்த்தவுடன் சந்தேகம் எழாது. எனவே, ஒவ்வொரு பதிவையும் ஒரே அலகுக்கு மாற்றி, மூல எண்ணையும் பக்கத்துக் கட்டத்தில் அப்படியே வைத்தோம். இரு திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் படமெடுக்கும் இருதளக் கருவியில் இரண்டு எக்ஸ்ரே குழாய்களின் டி.ஏ.பி. மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம்; ஆனால் ஏர் கெர்மாவை (ஒரு குறிப்பிட்ட புள்ளியில் காற்றில் அளக்கும் கதிர்வீச்சின் அளவை) அப்படிக் கூட்டினால் பொருள் கெடும், ஏனெனில் இரு கற்றைகளும் தோலின் வெவ்வேறு இடங்களில் விழுகின்றன.

டி.ஏ.பி. அளவியின் துல்லியத்தையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். பன்னாட்டுத் தரநிலை 35 சதவீதம் வரை விலகலை அனுமதிக்கிறது. இரண்டு கருவிகள் எதிரெதிர்த் திசையில் விலகியிருந்தால், செய்முறையில் இல்லாத வேறுபாடு எண்களில் தோன்றிவிடும். அளவுத்திருத்தம் செய்த டோஸ்மீட்டரைக் கொண்டு இரு கருவிகளையும் சோதித்து, திருத்தக் காரணியைப் போட்ட பிறகே சேகரிப்பைத் தொடங்கினோம்.

அடுத்தது எடை. கருவியின் பதிவில் வயது இருந்தது. எடைக்கான கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது. வயதைக் கொண்டு பிரித்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளிடம் அது சரிவராது. நலமான ஒரு வயதுக் குழந்தை ஒன்பது கிலோவை ஒட்டி இருக்கும். எங்கள் வார்டில் அதே வயதில் ஐந்தரைக் கிலோக் குழந்தையைப் பார்ப்பது புதிதன்று. கருவியின் தானியங்கிக் கட்டுப்பாடு பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. உடலின் தடிமனைப் பார்த்தே கதிர்வீச்சைக் கூட்டுகிறது. ஐந்து கிலோவுக்குக் கீழ், 5 முதல் 15, 15 முதல் 30, 30 முதல் 50, 50 முதல் 80 என்று எடைவாரியாகப் பிரிக்கும் பன்னாட்டு முறையையே நாங்களும் பின்பற்றினோம். நம்பத்தக்க எடை எங்களுக்கு மயக்கவியல் தாளில் கிடைத்தது. மருந்தின் அளவே எடையைப் பொறுத்தது என்பதால், காலையில் செவிலியர் குழந்தையின் போர்வையை எடுத்துவிட்டு, கையில் சுற்றியிருக்கும் ஐ.வி. பலகையின் எடையைக் கழித்து, கிராம் வரை எழுதி வைப்பார். அந்த ஒரு வரிதான் எங்கள் முழுக் கணக்குக்கும் அச்சாணி. இப்போது அதைக் கருவியிலும் பதிவு செய்த பிறகே கேஸைத் திறக்கிறோம்.

சிகிச்சை வகைகளைக் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். ஏ.எஸ்.டி. எனப்படும், இதயத்தின் மேலறைகளுக்கு இடையிலான ஓட்டையை டிவைஸ் வைத்து மூடும்போது பெரும்பகுதி வேலை எக்கோவின் துணையோடு நடந்துவிடுகிறது, ஃப்ளூரோஸ்கோப்பி (தொடர் எக்ஸ்ரே காட்சி) குறைவு. பி.டி.ஏ. எனப்படும், பிறந்த பிறகும் மூடாமல் இருக்கும் ரத்தக்குழாய் இணைப்பை மூடுவதற்குப் பக்கவாட்டில் ஏஞ்சியோ படம் எடுத்தாக வேண்டும். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் கிடைக்கும் இடைநிலை எண் எதையும் குறிக்காது. சராசரியைத் தவிர்த்து இடைநிலையை எடுப்பதற்கும் காரணம் உண்டு: மிகக் கடினமான ஒரே கேஸ் சராசரியை மேலே இழுத்துவிடும், இடைநிலையை அது அவ்வளவாக அசைக்காது.

முதல் தொகுப்பை வெளியான பிற ஆய்வுகளின் அளவுகளோடு வைத்துப் பார்த்தபோது, பெரிய பிள்ளைகளின் அளவுகள் நன்றாகவே இருந்தன. 5 முதல் 15 கிலோ பிரிவில் எங்கள் அளவு கூடுதலாக இருந்தது. ஃப்ளூரோ நேரமோ மற்றவர்களை ஒத்தே இருந்தது. நேரம் சரியாக இருந்து டி.ஏ.பி. மட்டும் உயர்ந்தால், மருத்துவரின் கையைப் பார்ப்பதற்கு முன் கருவியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். பார்த்தோம். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கான புரோட்டோகால்தான் ஓடிக்கொண்டிருந்தது. விநாடிக்கு 15 பல்ஸ் (எக்ஸ்ரே துடிப்பு), படத்தைப் பதியும் டிடெக்டரின் முன்னால் கிரிட்.

கிரிட் என்பது சிதறிய கதிர்களைத் தடுக்க டிடெக்டர் முகப்பில் செருகும் மெல்லிய தகடு. சிறு உடலில் சிதறல் குறைவு. ஆகவே ஏறத்தாழ இருபது கிலோவுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு அதைக் கழற்றிவிடலாம் என்பது பரவலான பரிந்துரை. கழற்றுவது எளிது. கழற்றிய தகட்டைப் பத்திரமாக வைப்பதும், அடுத்து வரும் பெரியவருக்கு மறக்காமல் திரும்பச் செருகுவதும்தான் நடைமுறையில் கடினம். கீழே விழுந்தால் உள்ளே இருக்கும் ஈயப் பட்டைகள் சேதமாகிவிடும். அதனால் மூத்த டெக்னீஷியன் ஒருவர் மெத்தை வைத்த தட்டு ஒன்றைச் சுவரில் பொருத்தச் செய்து, கிரிட் அதில் இருந்தால் கருவியின் திரையருகே சிவப்பு அட்டை தொங்க வேண்டும் என்று வகுத்தார். வெறும் வயிற்றோடு நெடுநேரம் காக்க வைக்கக்கூடாது என்பதற்காகக் குழந்தைகளைக் காலையில் முதலில் எடுப்பது வழக்கம். எனவே கிரிட்டைக் கழற்றுவதும் செருகுவதும் நாளுக்கு ஒருமுறையோடு முடிந்துவிடுகிறது.

பல்ஸ் வீதத்தை 7.5 ஆகக் குறைத்தபோது முதலில் தயக்கம் இருந்தது. குழந்தையின் இதயம் வேகமாகத் துடிப்பதால் படம் தாவுவது போலத் தெரியும். கம்பியைச் செலுத்தும் கட்டத்தில் 7.5, டிவைஸை விடுவிக்கும் கட்டத்தில் தேவைப்பட்டால் மட்டும் 15 என்ற ஏற்பாட்டை மருத்துவர்களே முன்மொழிந்தார்கள். கற்றையைக் குறுக்கும் ஷட்டரைச் சரியாகப் பயன்படுத்துவதும், டிடெக்டரை மார்புக்கு இயன்றவரை நெருக்கமாக இறக்குவதும், உருப்பெருக்கத்தை அளவோடு வைத்துக்கொள்வதும் இதோடு சேர்ந்தே பழக்கமாயின. ஷட்டரை இழுத்தால் தைராய்டும் வயிற்றுப் பகுதியும் கற்றைக்கு வெளியே போவதைத் திரையில் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டாவது தொகுப்பில் 5 முதல் 15 கிலோ பிரிவின் இடைநிலை அளவு தெளிவாகக் குறைந்தது. படத்தின் தரம் குறித்து மருத்துவர்களிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை. ஐந்து கிலோவுக்குக் கீழுள்ள பிரிவில் ஒவ்வொரு சிகிச்சை வகைக்கும் நம்பத்தக்க இடைநிலையைச் சொல்லும் அளவுக்கு எங்களிடம் கேஸ்கள் சேரவில்லை. அதற்காக டி.ஏ.பி. மதிப்பைக் குழந்தையின் எடையால் வகுத்து, பிரிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் முறையைத் தற்காலிகமாகப் பயன்படுத்துகிறோம். அதே தரவுத்தாளை, அதே அலகுகளோடு, குழந்தை இதய சிகிச்சை செய்யும் வேறு சில மருத்துவமனைகளுக்கும் அனுப்பியிருக்கிறோம். அங்குள்ள இயற்பியலாளர்களிடம் நாங்கள் கேட்டுக்கொண்டவை, மயக்கவியல் தாளில் உள்ள எடை, சிகிச்சையின் சரியான பெயர், கிரிட் இருந்ததா இல்லையா என்ற குறிப்பு, டி.ஏ.பி. அளவியின் திருத்தக் காரணி ஆகிய நான்கும்தான்.